வயிறு விசாரித்த அண்ணாச்சி

ஒருவரை ஒருவர் பார்த்தால் "சௌக்கியமா?" என்பார்கள், "ஊர்லேர்ந்து எப்ப வந்திய?" என்பார்கள். அண்ணாச்சி மட்டும் "வயிறு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். அதுவும் காதோடு கேட்கிற ஆளில்லை. உளுந்து மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவரை நிறுத்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். துட்டி விசாரிக்கப் போன இடத்தில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவரைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவரும் மூக்கைச் சிந்திவிட்டு, "நேத்துலேர்ந்து சரியில்ல அண்ணாச்சி" என்று பதில் சொன்னாராம்.

நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தது அறுபதுகளின் நடுவில். என் வீட்டுக்காரருக்குக் குர்லாவில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை. குடியிருந்தது தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் மட்டுமே நெருக்கியடித்துக்கொண்டு இருந்த சந்து அது. எங்களுக்கு மாடியில் ஒற்றை அறை. அதற்கு அங்கே 'கோலி' என்று பேர். அண்ணாச்சியின் மளிகைக் கடை சந்து முகப்பில் இருந்தது. பலகையில் சாமி பேர்தான் எழுதியிருக்கும். பச்சைப் பிள்ளை முதல் பல்லுப் போன கிழவர் வரை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கென்று ஒரு சொந்தப் பேர் இருக்கும், அதைக் கேட்கலாம் என்று எனக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

அவருடைய இந்தக் குணத்துக்குக் கடை இருந்த இடமும் ஒரு காரணம். சந்துக்கே பொதுவான கக்கூஸ் வரிசை கடைக்கு எதிரே இருந்தது. தகர டப்பாவில் தண்ணீர் மொண்டுகொண்டு யார் போனாலும் அண்ணாச்சியைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையில் ஒருதரம் போனால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அதே ஆள் மறுபடியும் டப்பாவோடு வந்துவிட்டால் போச்சு, கையில் தூக்கிய தராசு அப்படியே நிற்கும். "நில்லுங்க. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய?" டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் காலை மாற்றி மாற்றி நின்றபடி, அந்த மனுஷன் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படி மாட்டிக்கொண்டவர் வீட்டுக்கு அன்றைக்கு அந்தக் கடையில் பருப்பு கிடையாது. எண்ணெய் கிடையாது, கடலைமாவு கிடையாது. ஓமம் உண்டு, சுக்கு உண்டு, பெருங்காயம் உண்டு. "வயித்தக் காயப் போடுங்க" என்பார். அவருடைய வைத்தியம் மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான். தலைவலியா, காயப் போடு. சளியா, காயப் போடு. மாமியாரோடு சண்டையா? அதுகூட அஜீரணத்தில் வருகிற கோபம்தான் என்பார். சாமான் விற்கத்தான் கடை போட்டிருந்தார். வந்தவரில் பாதிப் பேரைச் சாமான் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். எப்படித்தான் அந்தக் கடை ஓடியதோ, அந்த மாயம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் முதன்முதலில் அவரிடம் போனது பஜ்ஜிக்குக் கடலைமாவு வாங்க. ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருவதாக இருந்தது. நான் புதுப் பெண், கைவரிசையைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

"யாருக்குத் தங்கச்சி கடலைமாவு?" என்றார்.

"எங்க வீட்டுக்குத்தான்."

"ஒங்க வீட்டுக்காரரு காலையிலேர்ந்து ரெண்டு தரம் போயிட்டு வந்தாரே, ஒங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. எனக்கு எப்போதுமே கொஞ்சம் வாய் ஜாஸ்தி. "நீங்க கடலைமாவு விக்க வந்தியளா, வைத்தியம் பாக்க வந்தியளா?" என்று கேட்டேவிட்டேன். அண்ணாச்சி அசையவில்லை. ஓமத்தைப் பொட்டலம் கட்டி நூலைச் சுற்றிக்கொண்டே, "இத வெறும் சட்டியில வறுத்து, தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சுக் குடுங்க. இன்னைக்கு எண்ணெச் சட்டி வேண்டாம்" என்றார். நான் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அழுது, இந்த ஊரே வேண்டாம், என்னை ரயில் ஏற்றிவிடுங்கள் என்று கத்தினேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று எழுந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு வந்த கோபம் அதோடு போய்விட்டது. ஓமத்தை வறுக்க ஆரம்பித்தேன்.

பக்கத்துச் சந்தில் இன்னொரு கடை இருந்தது. கேட்டதைக் கேட்டபடி கொடுப்பார்கள். தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்த ஒருவர், அண்ணாச்சி மொச்சை தர மறுத்ததற்காகக் கோபித்துக்கொண்டு அங்கே போய் வாங்கினார். அடுத்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இங்கேயே வந்து நின்றார். "அங்கன மொச்ச வாங்கினியள்லா, அங்கனயே சுக்கும் வாங்க வேண்டியதுதான?" என்று அண்ணாச்சி கேட்டார். அந்த ஆள், "அவன் ஒண்ணும் கேக்க மாட்டான் அண்ணாச்சி" என்றார். எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான். மில், ஒர்க்‌ஷாப், ரயில், நெரிசல் என்று இருந்த அந்தப் பட்டணத்தில் எங்களை நிறுத்தி வைத்து உடம்பை விசாரிக்க வேறு யார் இருந்தார்கள்? மானம் போனாலும் பரவாயில்லை என்று அவரிடமே போனோம்.

அவர் வைத்தியம் செல்லாத ஒரே இடம் அவர் வீடு. கடைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணாச்சி சம்சாரத்தை நாங்கள் மதினி என்போம். நல்ல பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, எந்நேரமும் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். "இவிய சொல்லுதாவன்னு நான் காயப் போட்டிருந்தேன்னா இந்நேரம் வத்தலாப் போயிருப்பேன்" என்பாள். அவள் சமையல் வாசனை கடைக்குள் வந்தால் அண்ணாச்சி மூக்கை மட்டும் ஒருதரம் இழுத்துக்கொள்வார். ஊருக்குச் சொல்வதைத் தானும் செய்கிற மனுஷன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் மணக்க மணக்கக் குளித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தார் என்றால் அன்று முழுக்க வெந்நீர்தான். பச்சரிசிக் கஞ்சிகூடக் கிடையாது. மதினியின் சொந்தத் தம்பி கல்யாணம் ஒரு சனிக்கிழமை மாட்டுங்காவில் நடந்தது. பந்தியில் அத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தும், அண்ணாச்சி வாசலில் நின்று எல்லோருடைய வயிற்றையும் விசாரித்துவிட்டு வெந்நீர் குடித்துத் திரும்பிவிட்டார். மதினி அந்தக் கதையைப் பல வருஷம் சொல்லிச் சொல்லி ஏசினாள்.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் எங்கள் போண்டா வந்து மாட்டியது. இல்லை, அவர்தான் அதனிடம் மாட்டினார்.

போண்டா ஒரு கினிப்பன்றி. என் வீட்டுக்காரருடைய ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர் கோவாக்காரர். வீட்டில் அந்த ஜாதியை வளர்த்து, அவை குட்டிமேல் குட்டி போட்டதில் சமாளிக்க முடியாமல் ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டார். நான் நாளெல்லாம் அந்தக் கோலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேனே என்று இவரும் சோப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பழுப்பும் வெள்ளையுமாக, வால் இல்லாமல், கையில் தூக்கினால் வெதுவெதுப்பான போண்டா மாதிரியே இருந்தது. கினிப்பன்றி என்ற பேரைக் கேட்டு, "அய்யய்ய, பன்னியவா வீட்டுக்குள்ள வச்சிருக்கிய?" என்று பக்கத்துக் கோலிக்காரி மூக்கைப் பொத்தினாள். எலி ஜாதிதான் என்று சத்தியம் செய்த பிறகுதான் கிட்டே வந்தாள். அப்புறம் அவளே அதை மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்றாள்.

கொடுக்கும்போதே மேஸ்திரி, "புல்லுப் போடு, போதும்" என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. நம்பி நம் வீட்டுக்கு வந்த உயிருக்குப் புல்லையா போடுவது? மாட்டுக்கா போடுகிறோம்? ஊர்ச் சனம் பார்த்தால் என்ன சொல்லும்? அதனால் எங்கள் தட்டில் என்ன உண்டோ அது அதற்கும் உண்டு. சப்பாத்தி, பொரி, ஊறவைத்த பயறு, தயிர் போட்டுப் பிசைந்த சோறு. அதுவும் வஞ்சகமில்லாமல் எல்லாவற்றையும் தின்றது. யார் வீட்டில் என்ன பலகாரம் செய்தாலும் போண்டாவுக்கு ஒரு விள்ளல் எடுத்து வைத்தார்கள்.

கடைக்குப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவேன். முதல் நாள் அண்ணாச்சி அதை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டாம் தரம் போனபோது அவர் பொட்டலம் கட்டக் காகிதத்தைச் சரசரவென்று கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் போண்டா என் கையிலிருந்து கழுத்தை நீட்டி, "வீக், வீக்" என்று விசில் அடித்தது. அண்ணாச்சி காகிதத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துச் சரசரக்க வைத்தார். மறுபடியும் "வீக், வீக்." அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "என்னயப் பாத்துக் கூப்பிடுது தங்கச்சி!" என்றார். கை தானாகப் பொட்டுக்கடலை டின்னுக்குள் போனது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் போனாலும் சரி, பக்கத்துக் கோலிக்காரி தூக்கிக்கொண்டு போனாலும் சரி, போண்டாவுக்கு ஒரு கை பொட்டுக்கடலை. ஊரில் எல்லோருடைய வயிற்றையும் கேட்ட மனுஷன் அதனுடைய வயிற்றை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. எங்களுக்கு மறுத்த கடலையை அதற்கு வாரி வாரிக் கொடுத்தார். "அதுக்கு மட்டும் கேள்வி கெடயாதா?" என்று நான் சீண்டினால், "அது என்ன கக்கூசுக்கா போவுது?" என்பார்.

மழை தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலையில் நான் காகிதத்தைச் சரசரக்க வைத்தும் போண்டா விசில் அடிக்கவில்லை. மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. தூக்கிப் பார்த்தால் வயிறு உடுக்கு மாதிரி விறைத்துப்போயிருந்தது. எப்போதும் பெட்டியெல்லாம் எள்ளுருண்டை மாதிரி இறைந்து கிடக்கும் புழுக்கை ஒன்றுகூட இல்லை. அந்த ஊரில் மொழி தெரியாமல், பேச ஆள் இல்லாமல் நான் கிடந்த நாட்களில் என்னோடு இருந்த உயிர் அது. சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு அண்ணாச்சியிடம்தான் ஓடினேன். வயிறு என்றால் வேறு யாரிடம் போவேன்?

அண்ணாச்சி தராசை வைத்துவிட்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தார். தொப் தொப் என்றது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பயப்படாதிய. வாயு. மந்தம் தட்டியிருக்கு. ஒரு நா வயித்தக் காயப் போடுங்க, தன்னால எறங்கிரும்."

"ஒண்ணுமே குடுக்க வேண்டாமா அண்ணாச்சி?"

"ஒரு பருக்க காட்டக்கூடாது. மனுசனுக்கு ஒண்ணு, மிருகத்துக்கு ஒண்ணுன்னு வயிறு ரெண்டு வகையா இருக்கா?"

அவர் சொன்னால் வேதவாக்கு. பெட்டியில் இருந்த பொரி, பயறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஓமத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தேன், அது திரும்பிக்கொண்டது. அன்று முழுக்கப் பட்டினி. மறுநாள் விடிந்தபோது நிலைமை சரியாகவில்லை, இன்னும் மோசமாகியிருந்தது. தலை தொங்கிப்போய், கண் பாதி மூடி, கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு குர்லாவுக்குப் போனார். மேஸ்திரியைக் கேட்டுவிட்டு, வேலைக்கு நிற்காமல் மத்தியானத்துக்குள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"மேஸ்திரி தலையில அடிச்சிக்கிட்டாரு. இதுக்கு வயிறு நிக்கவே கூடாதாம். பொழுதன்னைக்கும் புல்லு மென்னுக்கிட்டே இருக்கணுமாம். வாய் நின்னா வயிறு நின்னுருமாம், வயிறு நின்னா அவ்வளவுதானாம். கடல, பயறு, சோறு ஒண்ணும் ஆகாதாம். யாரு பட்டினி போடச் சொன்னான்னு கேக்காரு."

நான் போண்டாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிமிஷம் கடை வாசலில் நின்றேன். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "காயப் போடு, காயப் போடுன்னியளே, உயிர் போவப் போவுது அண்ணாச்சி! பட்டினி போட்டா செத்துருமாம். கடலையத் தின்னு தின்னுதான் இப்படி ஆச்சாம்" என்று சத்தம் போட்டு அழுதேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் பொட்டுக்கடலை டின்னைப் பார்த்தார். தன்னுடைய வைத்தியம் பொய்யாகிவிட்டதே என்று அவர் சாக்குப் போக்குச் சொல்வார் என்று நினைத்தேன். தொழில் மாதிரி அவர் காப்பாற்றி வந்த பேர் அது.

"நாந்தான் தங்கச்சி" என்றார். "கடலையக் குடுத்தவனும் நாந்தான், பட்டினி போடச் சொன்னவனும் நாந்தான்." உள்ளே பார்த்து, "ஏய், வந்து கடையில இரி" என்று மதினியைக் கூப்பிட்டார். செருப்பைக்கூட மாட்டவில்லை. மழையில் இறங்கி நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தபேலா இருந்தது. எருமைகளைக் கட்டி வைத்துப் பால் கறந்து விற்கிற வடக்கத்தி பையாக்களின் கொட்டகை. அண்ணாச்சி அங்கே போய், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் என்ன சொல்லிக் கெஞ்சினாரோ தெரியாது, கக்கத்தில் ஒரு கட்டுப் பச்சைப் புல்லோடு சொட்டச் சொட்ட வந்தார். அவரைப் பார்த்துச் சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, புது மருந்தா?" என்று தோல்காரர் கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு, போண்டாவோடு நாங்கள் காத்திருந்த கடைக்குப் பின்னால் தன் வீட்டுக்குள் வந்தார்.

புல்லை முன்னால் போட்டோம். போண்டா மோந்துகூடப் பார்க்கவில்லை. மதினிதான், "வாய் தொறக்காத பிள்ளைக்கு எப்படிக் குடுப்போம்? அரைச்சு ஊத்துங்க" என்றாள். கடையில் இருந்தபடியே சொன்னாளே தவிர, அடுத்த நிமிஷம் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அம்மியில் உட்கார்ந்துவிட்டாள். புல்லையும் கொத்தமல்லித் தழையையும் வழுவழுவென்று அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து கொடுத்தாள். பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லர் ஒன்று கடையில் புதிதாக இருந்தது. அண்ணாச்சி அதை வெந்நீரில் கழுவி, பச்சைச் சாற்றை உறிஞ்சி, போண்டாவின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். பாதி வழிந்தது. வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். நடு நடுவே வயிற்றைப் பைய நீவிவிட்டார். "முழுங்கு ராசா, முழுங்கு" என்றார். ஊரையே பட்டினி போட்ட மனுஷன் ஒரு எலியிடம் ஒரு வாய்க்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாகவும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சாறு உள்ளே போயிற்று, ஆனால் தானாகத் தின்னவில்லை. அப்போது அண்ணாச்சிக்கு என்ன தோன்றியதோ, தரையில் அதன் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். ஒரு கொத்தமல்லிக் காம்பை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, முன்பல்லால் கறுக் கறுக்கென்று மெல்ல ஆரம்பித்தார். காம்பு உள்ளே போகப் போக இலை மூக்குக்கடியில் ஆடியது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. வாசலில் நின்ற கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. "இவியளுக்கு முத்திப் போச்சு" என்றாள் மதினி.

விளக்கு வைக்கிற நேரம். போண்டாவின் மூக்கு லேசாகத் துடித்தது. அண்ணாச்சி வாயிலிருந்து தொங்கிய காம்பின் நுனியை அது எட்டிப் பிடித்தது. இந்தப் பக்கம் அவர் வாய், அந்தப் பக்கம் அதன் வாய். அண்ணாச்சி மூச்சை அடக்கிக்கொண்டு காம்பை விட்டார். கறுக் கறுக்கென்று அது மெல்கிற சத்தத்தைக் கேட்க நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் மூலையில் புழுக்கை. நான் சொல்லி அனுப்பியதும் அண்ணாச்சி மாடிப்படிக்கடியில் வந்து நின்றார். ஒரு பொட்டலக் காகிதத்தில் அதை வைத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயில் பிரசாதம் மாதிரி சந்து முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். கக்கூஸ் வரிசையில் நின்றவர்களுக்குக்கூடக் காட்டினார். "நல்லாக் கட்டியா இருக்கு பாத்தியளா!" பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், பால் வாங்க வந்தவர்கள், யாருமே முகம் சுளிக்கவில்லை. அத்தனை பேருக்கும் அன்றைக்கு நிம்மதி.

அதன்பிறகு போண்டாவுக்குத் தினமும் தபேலாப் புல் வந்தது. கொத்தமல்லியும் அவ்வப்போது ஒரு கொய்யாத் துண்டும் கடையிலிருந்து போயிற்று. பொட்டுக்கடலை டின் கைக்கெட்டாத மேல் தட்டுக்கு ஏறிவிட்டது. யாராவது கேட்டால் முக்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுப்பார். அண்ணாச்சி திருந்திவிட்டாரா என்றால் அதுதான் இல்லை. டப்பாவோடு இரண்டாம் தரம் போகிறவரை அப்படியேதான் நிறுத்தினார், அப்படியேதான் கடலைமாவு மறுத்தார். "போண்டா விஷயத்துல என்ன ஆச்சு?" என்று யாராவது வாயைக் கிளறினால், "அது புல்லுத் திங்கிற ஜாதி. நீரு புல்லுத் திங்கிறீரா? திங்கிறீருன்னா சொல்லும், காயப் போட வேண்டாம்" என்பார்.

போண்டா சில வருஷம் கொழுகொழுவென்று இருந்தது. கிழமாகி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புல்லின் மேலேயே தலையை வைத்தபடி கிடந்தது. வலி ஒன்றும் பட்ட மாதிரி தெரியவில்லை. வீட்டுக்காரர் அதே சோப்புப் பெட்டியில் வைத்து உப்பங்கழியோரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. பக்கத்துக் கோலிக்காரிகூட, தானும் அழுதவள்தான், "ஒரு எலிக்கு இவ்வளவா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. யாருக்கும் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மத்தியானம் படியில் காலடிச் சத்தம். அண்ணாச்சி. அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் கோலிக்கு ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. கையில் தூக்குச் சட்டி. நல்லதாப் போச்சு, வயிறு காயட்டும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, எழுந்து உட்கார்ந்தேன். அவர் என் வயிற்றை விசாரிக்கவே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தார். சோறு, ரசம், மேலே அப்பளம். மதினி கை ரசம், வாசனை கோலி முழுக்க நிறைந்தது.

"சாப்பிடுங்க தங்கச்சி."

"எறங்கல அண்ணாச்சி."

"வாய் நின்னா வயிறு நின்னுரும்."

"நான் என்ன போண்டாவா?" என்று சள்ளென்று விழுந்தேன்.

அவர் அங்கே கிடந்த தட்டை எடுத்து அதில் சோறும் ரசமும் விட்டு என் பக்கம் நகர்த்தினார். சட்டியின் மூடியில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு, ரசத்தை விட்டுப் பிசைந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றார். அவசரமே இல்லாமல் மென்றார். அப்பளத்தைக் கறுக் கறுக்கென்று கடித்தார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கொத்தமல்லிக் காம்பும், மூக்குக்கடியில் ஆடிய இலையும் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கை தானாகத் தட்டுக்குப் போயிற்று.

பாதி சாப்பிட்டபிறகுதான் அந்த வாசனையைக் கவனித்தேன். ரசத்தை மீறி, அவர் தலையிலிருந்து வந்தது சீயக்காய் வாசனை. முடி இன்னும் எண்ணெய்ப் பளபளப்போடு படிந்திருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சனிக்கிழமைலா?" என்றேன்.

"பேசாம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மீதி அப்பளத்தை உடைத்துப் பாதியை என் தட்டில் போட்டார்.